நிலநடுக்கம் அளந்த ஜான் மில்ன்

நுழையும்முன்

நிலம் நடுங்கும்போது மனிதர் முதலில் செய்வது ஓடுவது. அடுத்துச் செய்வது அதைப்பற்றிப் பேசுவது. ஓட்டமும் பேச்சும் அடங்கியபின், எவ்வளவு நடுங்கியது, எத்திசையிலிருந்து வந்தது, பக்கத்து வீடு நிற்க இந்த வீடு மட்டும் ஏன் விழுந்தது என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டவர் மிகச் சிலர். அச்சிலருள் முதன்மையான ஒருவரின் வாழ்க்கை இப்பாடத்தில் இடம்பெறுகிறது.

அல்லிநகரத்தின் இரு திசைகள்

தேனி அல்லிநகரத்திற்கு நேர் வடக்கே, பழனிமலைத் தொடரின் மேல் கொடைக்கானல் அமைந்துள்ளது. தென்மேற்கே கம்பம் பள்ளத்தாக்கு நீண்டு விரிகிறது. அதன் மேல்முனையில் குமுளி மலை. அம்மலைக்கு அப்பால் பெரியாற்று அணை. அணையில் தேங்கும் நீர் சுரங்கத்தின் வழியே இறங்கிக் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்களை நனைத்து வைகையோடு கலக்கிறது. பள்ளத்தாக்கின் நெல்லும் வாழையும் திராட்சையும் அந்நீரை நம்பியவை.

அணை இருக்கும் இடுக்கி மாவட்டத்தில் அவ்வப்போது நிலம் அசைவதுண்டு. 1988 ஜூன் மாதத்தில் 4.5 அளவிலும், 2000 டிசம்பரில் 5.0 அளவிலும், அதற்கடுத்த மாதம் 4.8 அளவிலும் நடுக்கங்கள் பதிவாயின. 2011-இல் ஏற்பட்ட நடுக்கங்கள் அவற்றைவிடச் சிறியவை. ஆயினும் மலையின் இருபுறத்து மக்களையும் அவை உறக்கமின்றி வைத்தன. நடுக்கம் என்னும் சொல்லை நாம் நிலத்திற்கும் வழங்குகிறோம். அஞ்சிய உடலுக்கும் வழங்குகிறோம். நிலத்தின் நடுக்கம் சில நொடிகளில் அடங்கிவிடும். மனத்தின் நடுக்கம் வாய்க்கு வாய் வளரும். அவ்வேளையில் மக்களுக்குத் தேவைப்படுவது ஓர் எண்: எங்கே நடுங்கியது, எத்துணை வலிமையோடு நடுங்கியது, நம் ஊரில் அது எந்த அளவுக்கு உணரப்பட்டது என்று சொல்லும் எண்.

அந்த எண்ணைத் தரும் கருவி, அல்லிநகரத்திற்கு வடக்கே நிற்கும் அம்மலையின் மேல் ஏறத்தாழ நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே வைக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் ஜான் மில்ன். நம் நாட்டில் வாழாதவர்; எனினும் நம் மலையின் அசைவையும் தம் கணக்கில் சேர்த்துக்கொண்டவர்.

இளமையும் பயணமும்

மில்ன் 1850 டிசம்பர் 30-ஆம் நாள் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்தார். இலண்டன் கிங்ஸ் கல்லூரியிலும் அரசுச் சுரங்கப் பள்ளியிலும் பயின்று சுரங்கப் பொறியாளரானார். நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் பகுதிகளில் கனிமம் தேடினார். சினாய் பாலைவனத்திற்குச் சென்ற ஆய்வுக்குழு ஒன்றில் நிலவியலாளராகப் பணியாற்றினார். நிலநடுக்கம் அப்போது அவருடைய துறையன்று.

1875-இல் ஜப்பான் அரசு அவரை டோக்கியோவிலிருந்த அரசுப் பொறியியல் கல்லூரிக்கு நிலவியல், சுரங்கவியல் பேராசிரியராக அழைத்தது. மேலைநாட்டு அறிவியலைத் தன் இளைஞருக்குக் கற்பிக்க அந்நாடு பல நாட்டு அறிஞர்களைச் சம்பளத்திற்கு அமர்த்திக்கொண்டிருந்த காலம் அது. கப்பலேறினால் விரைவில் சென்றிருக்கலாம். மில்னுக்கோ கடற்பயணம் ஒத்துக்கொள்ளாது. எனவே ரஷ்யா, சைபீரியா, மங்கோலியா, சீனா எனத் தரைவழியே புறப்பட்டார். வண்டியிலும் பனிச்சறுக்கு வண்டியிலும் ஒட்டகத்தின் மேலும் சென்ற அப்பயணம் ஏழு மாதங்கள் நீடித்தது. 1876 மார்ச்சு மாதம் அவர் டோக்கியோவை அடைந்தார். அடைந்த அன்றிரவே நிலம் நடுங்கி அவரை வரவேற்றதாகச் சொல்வர்.

யோகோஹாமா கற்பித்தது

1880 பிப்ரவரி 22-ஆம் நாள் யோகோஹாமா துறைமுக நகரம் அதிர்ந்தது. உயிர்ச்சேதம் பெரிதில்லை. ஓடுகள் சரிந்தன, சுவர்கள் வெடித்தன, வெளிநாட்டினர் குடியிருப்பில் புகைபோக்கிகள் பல முறிந்து விழுந்தன. மற்றவர்கள் சேதத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருக்க, மில்ன் வினாத்தாள் தயாரித்துக்கொண்டிருந்தார். எந்நேரம் உணர்ந்தீர்கள், எவ்வளவு நேரம் நீடித்தது, எத்திசைச் சுவர் விழுந்தது, கடிகாரம் நின்றதா, தொட்டி நீர் எப்பக்கம் வழிந்தது என வீடுதோறும் கேட்டார். கல்லறைத் தோட்டத்திற்குச் சென்று, தம் பீடத்தின் மேல் திரும்பி நின்ற கற்களையும் பார்த்தார்.

அவ்வாண்டிலேயே ஜப்பான் நிலநடுக்கவியல் கழகம் தோன்றியது. நிலநடுக்கத்தை மட்டுமே ஆராய்வதற்கென உலகில் எழுந்த முதற்கழகம் அதுவேயாகும். ஹட்டோரி இச்சிசோ என்னும் ஜப்பானியரைத் தலைவராக்கி, மில்ன் துணைத்தலைவராக நின்று வேலை செய்தார். கழகத்தின் ஆய்விதழில் அவர் கட்டுரை இல்லாத தொகுதியைக் காண்பதரிது.

அசைவனவற்றுள் அசையாதது

நிலநடுக்கத்தை அளப்பதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. மேசையின் நீளத்தை அளக்க வேண்டுமானால் அளவுகோலை மேசைக்கு வெளியே பிடித்து நிற்கிறோம். நிலத்தின் அசைவை அளக்க நிலத்திற்கு வெளியே எங்கு நிற்பது? அளப்பவர், கருவி, கருவி வைத்த மேசை, மேசை நிற்கும் தரை யாவும் சேர்ந்தே அசைகின்றன. சீனத்தில் கி.பி. 132-ஆம் ஆண்டிலேயே சாங் ஹெங் என்னும் அறிஞர் செம்பினாலான பெருங்குடம் ஒன்றை அமைத்திருந்தார். நிலம் அதிர்ந்தால் குடத்தைச் சூழ்ந்த நாகங்களுள் ஒன்றன் வாயிலிருந்து குண்டு விழும். நடுக்கம் வந்ததென அது சொல்லும். எவ்வளவு வந்ததென்று சொல்லாது.

நின்றுகொண்டிருக்கும் பேருந்து திடுமெனப் புறப்பட்டால், நிற்பவர் பின்னோக்கிச் சாய்கிறார். உண்மையில் அவர் சாயவில்லை. அவருடைய கால்கள் பேருந்தோடு முன்னே செல்ல, உடல் இருந்த இடத்திலேயே இருக்க முயல்கிறது. இதனை நிலைமம் என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். கனமான பொருள் ஒன்றை மிக மெதுவாக ஆடும்படி தொங்கவிட்டால், தரை விரைந்து அசையும்போது அப்பொருள் சிறிது நேரம் தன்னிடத்திலேயே நிற்கும். அந்த நிற்கும் பொருளுக்கும் அசையும் தரைக்கும் உள்ள வேறுபாட்டை எழுதிக்கொண்டால் அதுவே நடுக்கத்தின் பதிவு.

ஆனால் செங்குத்தாகத் தொங்கும் ஊசலை மெதுவாக ஆடச்செய்ய வேண்டுமாயின் அதன் கயிறு மிக நீளமாக இருக்க வேண்டும். கிடைநிலை ஊசல் அத்தொல்லையைத் தீர்த்தது. வீட்டுக் கதவை எண்ணிப் பாருங்கள். நிலை சரியான செங்குத்தில் இல்லாமல் சற்றே சாய்ந்திருந்தால், கதவு தானே மெல்ல அசைந்து ஓரிடத்தில் வந்து நிற்கும். சாய்வு குறையக் குறைய அசைவும் மெதுவாகும். கதவுக்குப் பதிலாக ஒரு கோலைத் தூணொன்றில் பொருத்தினால் அதுவே கிடைநிலை ஊசல்.

இக்கருவி மில்ன் ஒருவரின் படைப்பு எனச் சில நூல்கள் எழுதுவது மிகை. அதே காலத்தில் டோக்கியோவில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் ஆல்பிரட் யூயிங், தாமஸ் கிரே ஆகிய இருவரும் அதன் உருவாக்கத்தில் சமபங்கு உடையவர்கள். கருவியின் வரலாற்றில் யார் முந்தியவர் என்னும் பூசல் அவர்களிடையே எழாமலும் இல்லை. மற்ற இருவரும் சில ஆண்டுகளில் ஜப்பானை விட்டகன்று வேறு துறைகளுக்குச் சென்றனர். மில்ன் தங்கினார். இருபது ஆண்டுகள் ஒரே வினாவோடு தங்கியதே அவரை முன்னிறுத்தியது.

அஞ்சல் அட்டைகள்

கருவி விலையுயர்ந்தது, ஊர்தோறும் வைக்க இயலாது. மில்ன் அதற்கு ஓர் எளிய வழி கண்டார். டோக்கியோவைச் சுற்றி நூறு மைல் வட்டத்திலுள்ள ஊர்களின் அலுவலகங்களுக்கு அஞ்சல் அட்டைக் கட்டுகளை அனுப்பினார். அந்த வாரத்தில் நடுக்கம் உணரப்பட்டதா, எப்போது, எவ்வளவு என்று எழுதி, வாரத்திற்கு ஓர் அட்டையாக அஞ்சலில் சேர்க்க வேண்டும், அவ்வளவே. கிராம அலுவலர்கள், பள்ளி ஆசிரியர்கள், தந்தி நிலையத்தார் எனப் பலரும் எழுதினர். அட்டைகள் குவிந்தபின், அவற்றை நிலப்படத்தில் குறித்துப் பார்த்தார். பெரும்பாலான அதிர்வுகள் உள்நாட்டு மலைகளிலிருந்து அன்றி, கிழக்குக் கடற்புறத்திலிருந்தே வருவது தெரிந்தது. எரிமலைகளே நிலநடுக்கத்தின் காரணம் என்று பலரும் நம்பிய காலத்தில் இது புதிய செய்தி.

அட்டை எழுதும் பழக்கம் பின்னர் ஜப்பான் அரசின் பணியாகவே வளர்ந்தது. ஏறத்தாழ ஆயிரம் இடங்களிலிருந்து செய்தி வந்தது. 1885 முதல் 1892 வரையிலான எட்டாண்டுகளில் அந்நாட்டில் உணரப்பட்ட 8,331 நடுக்கங்களை மில்ன் அட்டவணைப்படுத்தி வெளியிட்டார். ஒவ்வொன்றுக்கும் நேரம், பரப்பு, மையம் குறித்தார். ஒருவர் தனியே உட்கார்ந்து செய்த எழுத்துவேலையென்று பார்த்தாலும் அது மலைப்பைத் தருவதாகும்.

இங்கு ஓர் உண்மையை விளக்கியாக வேண்டும். நிலநடுக்கத்திற்கு இரு அளவுகள் உள்ளன. நிலத்தினடியில் வெளிப்பட்ட ஆற்றலைச் சொல்வது ஒன்று. ஒரு நடுக்கத்திற்கு அவ்வெண் ஒன்றே. செய்தித்தாளில் ரிக்டர் அளவு என்று நாம் காண்பது அது. சார்லஸ் ரிக்டர் அதை வகுத்தது 1935-இல். மில்ன் காலத்தில் அது இல்லை. மற்றது, ஓர் ஊரில் அந்த நடுக்கம் என்ன செய்தது என்பதைச் சொல்லும் செறிவு. பாத்திரம் குலுங்கியதா, உறங்கியவர் விழித்தாரா, சுவர் வெடித்ததா, வீடு விழுந்ததா என்பவற்றை வைத்து அதனைப் படிகளாகப் பிரிப்பர். செறிவு ஊருக்கு ஊர் மாறும். விளக்கொன்றின் ஆற்றல் ஒன்றுதான். அதன் அடியில் இருப்பவருக்குக் கிடைக்கும் ஒளியும் தெருமுனையில் நிற்பவருக்குக் கிடைக்கும் ஒளியும் ஒன்றல்ல. மில்னின் அட்டைகள் இரண்டாம் அளவையே திரட்டின. இக்காலத்தில் நடுக்கத்தை உணர்ந்தவர் கைப்பேசி வழியே அதைத் தெரிவிக்கும் ஏற்பாடுகள் வந்துள்ளன. அட்டை மாறியிருக்கிறது, வினாக்கள் மாறவில்லை.

ஒரே வளாகம், வேறு நடுக்கம்

தொலைவு மட்டுமே செறிவை மாற்றுகிறதா? மில்ன் தம் கல்லூரி வளாகத்திலேயே பல இடங்களில் கருவிகளைப் பதித்தார். சில இடங்கள் மேட்டுப்பாங்கான இறுகிய நிலம். சில, தாழ்ந்து ஈரம் நிறைந்த நிலம். இடைவெளி சில நூறு அடிகள்தாம். ஒரே நடுக்கம் வந்தபோது மென்னிலத்துக் கருவி, வன்னிலத்துக் கருவியைவிடக் கூடுதலான வீச்சைக் காட்டியது. குழி தோண்டி அதன் அடியில் வைத்த கருவியோ மேற்பரப்பில் இருந்ததைவிடக் குறைவாக அசைந்தது. இயற்கை நடுக்கத்திற்காகக் காத்திருக்கப் பொறுமையின்றி, கிரேயுடன் சேர்ந்து கனத்த இரும்புக் குண்டை உயரத்திலிருந்து விழச்செய்தும் வெடிமருந்தை வெடித்தும் செயற்கை நடுக்கங்களை உண்டாக்கி அலையின் வேகத்தை அளந்தார்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஆற்றோரத்து வண்டல் நிலமும் மலையடிவாரத்துக் கெட்டிப்பாறையும் அடுத்தடுத்து அமைந்திருப்பதை நாம் அறிவோம். வண்டல் நெல்லுக்கு நல்லது. வீட்டின் அடித்தளத்திற்குப் பாறையே நல்லது என்பதை அளவோடு காட்டியவர்களுள் மில்ன் முந்தியவர்.

அவர் செய்த ஆய்வுகளுள் விந்தையானது குண்டுகளின் மேல் நின்ற வீடு. கட்டடத்தின் கால்களைத் தரையில் ஊன்றாமல், தட்டுப் போன்ற இரும்பு அடிகளின் மேல் இரும்புக் குண்டுகளை வைத்து, அவற்றின் மேல் கால்களை நிறுத்தினார். தரை உருண்டாலும் வீடு நிற்கும் என்பது எண்ணம். முதலில் பத்து அங்குலக் குண்டுகளை வைத்தார். நடுக்கம் குறைந்தது, ஆனால் காற்றடித்தாலே வீடு அசைந்தது! எனவே குண்டுகளைச் சிறிதாக்கிக்கொண்டே வந்து, கடைசியில் கால் அங்குல அளவுள்ள ஈயக்குண்டு போன்ற மணிகளின் மேல் வீட்டை அமர்த்தினார். அப்போது வீடு காற்றிலும் நின்றது. நிலத்தின் திடீர் அசைவும் உள்ளே குறைவாகவே ஏறியது. மருத்துவமனைகளையும் பாலங்களையும் இரப்பர் அடுக்குகளின் மேல் நிறுத்தும் இன்றைய தொழில்நுட்பத்திற்கு இது முன்னோடி.

கவிழ்ந்த கற்கள் சொன்ன கணக்கு

1891 அக்டோபர் 28-ஆம் நாள் விடியற்காலையில் ஜப்பானின் மினோ, ஓவாரி மாநிலங்கள் அழிந்தன. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரு இலட்சத்திற்கும் மிகுதியான வீடுகள் தரைமட்டமாயின. நெயோ பள்ளத்தாக்கில் நிலம் பல கல் தொலைவுக்குப் பிளந்து, ஓரிடத்தில் ஒரு பக்கம் மற்றொன்றைவிட ஏறத்தாழ 6 மீட்டர் உயர்ந்து நின்றது. நாகாரா ஆற்றின் மேல் கட்டிய புத்தம்புதிய இரும்பு இரயில் பாலம் ஆற்றில் விழுந்தது.

மில்ன் அங்குச் சென்று பல நாள் நடந்தார். கருவிகள் அப்பகுதியில் மிகச் சிலவே. எனினும் ஊர்தோறும் கல்லறைத் தோட்டங்கள் இருந்தன. அவற்றில் சதுரத் தூண்களாகச் செதுக்கிய கற்கள் இருந்தன. சில விழுந்திருந்தன, சில நின்றன. அகலம் குறைந்து உயரம் மிகுந்த கல் சிறு அசைவிலேயே கவிழும். அகன்ற குட்டைக் கல் கவிழப் பெரிய அசைவு வேண்டும். கல்லின் அகலத்தை உயரத்தால் வகுத்து, வந்த விடையைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கினால், அக்கல்லைக் கவிழ்க்கத் தேவையான முடுக்கம் தோராயமாகக் கிடைக்கும். 90 செ.மீ. உயரமும் 30 செ.மீ. அகலமும் உடைய கல் கவிழ்ந்திருந்தால், அவ்விடத்தில் நிலத்தின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது, அதாவது விநாடிக்கு விநாடி 3.3 மீட்டரையாவது எட்டியிருக்க வேண்டும். விழுந்தவற்றுள் குட்டையானதையும் நின்றவற்றுள் நெட்டையானதையும் ஒப்பிட்டால் உண்மை அளவு அவ்விரண்டிற்கும் இடையில் அகப்படும். இறந்தோர் நினைவுக்கு நட்ட கற்களே உயிரோடிருப்போருக்குக் கருவியாயின. அவருடைய இளைய துணைவர் ஃபுசாகிச்சி ஓமோரி இம்முறையை ஆய்வுக்கூடத்தில் அசையும் மேடையின் மேல் தூண்களை நிறுத்திச் சரிபார்த்தார்.

விழுந்த வீடுகளும் அவருக்குப் பாடமாயின. மேலைநாட்டு முறையில் எழுப்பிய செங்கற் கட்டடங்களும் நூலாலைகளும் இடிந்து தொழிலாளரைக் கொன்றன. ஜப்பானிய மரவீடுகளிலும், கனத்த ஓட்டுக்கூரை தாங்கியவை மெலிந்த கால்கள் ஒடிய, உள்ளிருந்தோர் மேல் அமர்ந்தன. கூரை இலேசாக இருக்க வேண்டும். சுவர்கள் மூலைகளில் ஒன்றோடொன்று பிணைக்கப்பட வேண்டும். கதவு சன்னல்களை மூலையை ஒட்டி வைக்கலாகாது. புகைபோக்கி கூரையோடு ஒட்டாமல் தனித்து நிற்க வேண்டும் என அவரும் அவருடன் ஆராய்ந்தோரும் எழுதினர். மறு ஆண்டு ஜப்பான் அரசு நிலநடுக்க ஆய்வுக்குழுவை நிறுவியபோது மில்ன் அதில் உறுப்பினரானார்.

நம் நாட்டுக்கு இவ்வுண்மை வெகுகாலம் எட்டவில்லை. 1993 செப்டம்பர் 30-ஆம் நாள் விடியும் முன்னே மகாராட்டிரத்தின் இலாத்தூர்ப் பகுதியில், கில்லாரி ஊரை மையமாகக் கொண்டு நடுக்கம் நேர்ந்தது. ஆற்றலளவில் அது ஏறத்தாழ 6.2, உலகில் அத்தகையவை ஆண்டுதோறும் பல நிகழ்கின்றன. ஆயினும் பத்தாயிரம் பேர் அளவில் மாண்டனர். தென்னிந்திய நிலம் அசையாத நிலம் என்ற நம்பிக்கையில், மண்ணைக் குழைத்துப் பெருங்கற்களை அடுக்கிய தடித்த சுவர்களின் மேல் கனத்த மண்கூரைகளை ஏற்றியிருந்தனர். கோடை வெயிலைத் தடுத்த அதே கனம் அன்றிரவு உயிரைக் குடித்தது. எளிய மக்கள் தம் கையில் கிடைத்த கல்லையும் மண்ணையும் கொண்டு கட்டினர், குற்றம் அவர்களுடையதன்று. எப்படிக் கட்டலாமென்று அவர்களிடம் சென்று சொல்ல எவரும் இல்லாமற்போனதே துயரம்.

எரிந்ததும் எழுந்ததும்

1881-இல் மில்ன், ஹகோடாதே நகரத்துப் பௌத்தத் துறவிமடத் தலைவரின் மகளான டோனே ஹொரிகாவாவை மணந்திருந்தார். அயல்நாட்டவரை மணப்பது இரு தரப்பிலும் எளிதில் ஏற்கப்படாத காலம் அது.

1895 பிப்ரவரி 17-ஆம் நாள் டோக்கியோவிலிருந்த அவர் வீடு தீப்பற்றி எரிந்தது. கருவிகள், நூல்கள், குறிப்புகள், கழகத்தின் வெளியீடுகள் எல்லாம் சாம்பலாயின. இருபதாண்டு உழைப்பு ஒரு நாளில் போயிற்று. அவ்வாண்டின் நடுவில் அவர் மனைவியோடும் ஷினோபு ஹிரோட்டா என்னும் ஜப்பானிய உதவியாளரோடும் இங்கிலாந்து திரும்பினார். ஜப்பானியப் பேரரசர் அவருக்கு உதயசூரியன் விருதும் வாழ்நாள் ஓய்வூதியமும் வழங்கி வழியனுப்பினார். அதே 1895-இன் அக்டோபர் மாதத்தில்தான் பென்னிகுவிக் கட்டிய பெரியாற்று அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் கம்பம் பள்ளத்தாக்கினுள் முதன்முறையாக இறங்கியது. ஒருவரை ஒருவர் அறிந்தாரல்லர். எனினும் இப்பகுதியின் மாணவர்க்கு அவ்வாண்டு இரு காரணங்களால் நினைக்கத்தக்கது.

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ஒயிட் தீவில், ஷைடு என்னும் சிற்றூரில் மில்ன் குடியமர்ந்தார். அங்கு எரிமலையும் இல்லை, நிலநடுக்கமும் இல்லை. உலகத்தின் நடுக்கத்தைக் கேட்க அமைதியான இடமே வேண்டுமென்று அவர் கருதினார். பெருநடுக்கம் ஒன்று எங்கு நிகழ்ந்தாலும், நுண்ணிய கருவியால் உலகின் எந்த மூலையிலும் அதைப் பதிவு செய்யலாம் என்று 1883-இலேயே எழுதியவர் அவர். 1889-இல் ஜெர்மனியின் பாட்சுடாமில் எர்ன்ஸ்ட் ஃபான் ரெபூர்-பாஷ்விட்சு வைத்திருந்த ஊசல், ஜப்பானில் நேர்ந்த நடுக்கத்தைக் காட்டி அக்கூற்றை மெய்ப்பித்தது. நிலம் மணியைப்போல முழுவதும் அதிர்கிறது என்றால், அதைச் சுற்றிக் காதுகளை வைப்பதுதானே அடுத்த வேலை? பிரித்தானிய அறிவியல் முன்னேற்றக் கழகத்தின் துணையோடு ஒரே வகைக் கருவியைக் கடல்கடந்த நாடுகளில் நிறுவ முனைந்தார் மில்ன். டொரண்டோ, கேப் டவுன், மொரீசியசு, பெர்த், ஹொனலூலு, கொழும்பு, பம்பாய், கல்கத்தா என நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்கள் சேர்ந்தன. அண்டார்டிகா சென்ற ஸ்காட்டின் கப்பலிலும் மில்ன் கருவி ஒன்று சென்றது.

அந்நிரலில் கொடைக்கானலும் இடம்பெற்றது.

மலைமேல் ஒரு புள்ளி ஒளி

சென்னை வானாய்வகத்தின் பணிகள் 1899-இல் கொடைக்கானலுக்கு மாறின. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராயிருந்து வானியலுக்கு வந்த மிச்சி சுமித் அதன் இயக்குநர். ஞாயிற்றை ஆராய்வதற்கென 2,343 மீட்டர் உயரத்தில் எழுந்த அந்த ஆய்வகத்தில், நிலத்தை ஆராயும் மில்ன் கருவிக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. அக்காலத்தில் மலைக்கு வண்டிச்சாலை இல்லை. பெரியகுளத்தை அடுத்த அடிவாரம்வரை மாட்டுவண்டி. அதன்மேல் குதிரை, டோலி, சுமைகூலிகளின் தலை. அந்தச் செங்குத்துப் பாதையில் ஏறி இறங்கிய கூலிகளின் பெயர் எந்த ஆய்விதழிலும் இல்லை.

கருவியின் அமைப்பு எளிது. உறுதியான பீடத்தின் மேல் ஓர் இரும்புத் தூண். அதிலிருந்து கிடையாக நீளும், ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள மெல்லிய அலுமினியக் கோல். கோலின் முனையில் சிறு பிளவுடைய தகடு. அதற்குக் கீழே குறுக்காக மற்றொரு பிளவு. மேலிருந்து வரும் விளக்கொளி இரு பிளவுகளும் வெட்டும் இடத்தில் மட்டும் ஒரு புள்ளியாக நுழைந்து, கடிகாரத்தால் மெல்ல நகரும் ஒளிப்படத்தாளின் மேல் விழும். நிலம் அமைதியாக இருந்தால் தாளில் நேர்கோடு. நடுங்கினால் கோடு அகன்று பருக்கும். மணிக்கு ஒருமுறை ஒளி மறைக்கப்படும், அவ்விடைவெளியே நேரக்குறி. தாளைக் கழற்றிக் கழுவி உலர்த்திப் படித்து, அளவுகளை எழுதி ஷைடுக்கு அனுப்ப வேண்டும். மழையும் மூடுபனியும் நிறைந்த மலைமேல் அது ஓயாத வேலை.

பெருநடுக்கத்திலிருந்து பலவகை அலைகள் கிளம்புகின்றன. முதலாவது விரைந்து வரும். இரண்டாவது தாமதித்து வரும். மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு மேகத்தின் தொலைவைக் கணிப்பதுபோல, இவ்விரு அலைகளுக்கும் இடைப்பட்ட நேரம் நடுக்கம் நேர்ந்த இடத்தின் தொலைவைத் தரும். மூன்று நிலையங்களின் தொலைவுகள் கிடைத்தால் வரைபடத்தில் மூன்று வட்டங்கள் வரைந்து, அவை சந்திக்கும் இடத்தை மையமெனக் கொள்ளலாம். 1905 ஏப்ரல் 4-ஆம் நாள் இமயமலைச் சாரலிலுள்ள காங்க்ரா நடுங்கி, ஏறத்தாழ இருபதாயிரம் பேர் மாண்டபோது, பம்பாய், கல்கத்தா, கொடைக்கானல் மில்ன் கருவிகள் மூன்றும் அதை எழுதின. காங்க்ராவுக்கும் கொடைக்கானலுக்கும் இடையே ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். பெரியகுளத்திலும் அல்லிநகரத்திலும் எவரும் எதையும் உணராத அக்காலையில், அவர்களுக்கு மேலே இருட்டறை ஒன்றில் ஒளிப்புள்ளி ஆடிக்கொண்டிருந்தது.

இவ்வாறு திரண்ட பதிவுகளைப் பயன்படுத்தியே இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய ரிச்சர்டு டிக்சன் ஓல்டாம் 1906-இல் நிலவுருண்டையின் நடுவே தனியொரு கரு இருப்பதைக் காட்டினார். நெற்களத்தில் ஒருவர் தூற்ற மற்றவர் அளப்பதுபோல, அறிவியலில் திரட்டுபவர் ஒருவர். பொருள் காண்பவர் மற்றொருவர். புகழ் பெரும்பாலும் பின்னவருக்கே செல்கிறது.

இறுதியாண்டுகள்

மில்ன் கருவியில் குறைகளும் இருந்தன. ஒருமுறை ஆடத் தொடங்கிய கோல் நிலம் அமைதியுற்ற பின்னும் தானே ஆடிக்கொண்டிருக்கும். அதனை அடக்கும் அமைப்பு அதில் இல்லை. இரஷ்யாவிலும் ஜெர்மனியிலும் அவர் கண்முன்னே சிறந்த கருவிகள் வந்தன. அவரோ பழையதைக் கைவிடத் தயங்கினார். நாற்பது இடங்களில் ஒரே வகைக் கருவி ஒரே முறையில் எழுதுவது, ஓரிடத்தில் ஒரு சிறந்த கருவி எழுதுவதைவிடப் பயனுடையது என்பது அவர் எண்ணமாக இருந்திருக்கலாம். அதில் ஓரளவு நியாயமும் உண்டு.

எல்லா நிலையத்துப் பதிவுகளையும் தொகுத்து ஷைடு சுற்றறிக்கை என்னும் பெயரில் அவர் 1899 முதல் அச்சிட்டு உலகெங்கும் அனுப்பினார். பண்ணைவீடு போன்ற இல்லத்தில், ஹிரோட்டாவின் துணையோடு, பெருமளவு தம் சொந்தச் செலவில் அப்பணி நடந்தது. 1913 ஜூலை 31-ஆம் நாள் சிறுநீரக நோயால், 62-ஆம் வயதில் அவர் மறைந்தார். டோனே 1919-இல் ஜப்பானுக்குத் திரும்பினார்.

ஷைடின் ஏடுகள் ஆக்சுபோர்டுக்குச் சென்றன. அங்கு எர்பர்ட்டு டர்னர் அத்தொகுப்பைத் தொடர்ந்தார். அது வளர்ந்து 1964-இல் பன்னாட்டு நிலநடுக்கவியல் மையமாயிற்று. உலக நாடுகளின் நிலையங்கள் அனுப்பும் பதிவுகள் இன்றும் அங்கே தொகுக்கப்படுகின்றன. கொடைக்கானல் நிலையமும் 1960-களில் புதிய உலகத் தரக் கருவிகளைப் பெற்றது. இருட்டறையும் ஒளிப்படத்தாளும் போய், மின்னணுக் கருவிகள் வந்துள்ளன. இடுக்கி மலையில் நிலம் அசைந்தால் அது எத்தனை அளவு என்னும் செய்தி இப்போது சில நிமிடங்களில் பள்ளத்தாக்கின் ஊர்களுக்கு வந்து சேர்கிறது.